சீடனுக்கு என்ன வேலை?

"தம்பி, கோவிச்சுக்காமச் சொல்லுங்க. உங்க ஏசுநாதர் மேலே போறதுக்கு முந்தி, ஆள் சேருங்கன்னு சொல்லிட்டுப் போனாராமே? இந்தப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அதுக்குத்தானா?"

காரைக்குடி செக்காலை ரோட்டு டீக்கடையில் இப்படிக் கேட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சங்கடஹர சதுர்த்தி தவறாமல் பிள்ளையார்பட்டி போகிறவர். கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "அண்ணே, இன்னொரு டீ சொல்லுங்க, கொஞ்சம் நேரமாகும்" என்றேன். அன்று அவரிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவருக்கு மட்டும் இருக்கிற கேள்வி இல்லை இது.

அவர் குறிப்பிட்ட கட்டளை மத்தேயு நற்செய்தியின் கடைசிப் பகுதியில் வருகிறது. உயிர்த்தெழுந்த இயேசு கலிலேயாவில் ஒரு மலையில் தம் சீடர்களைச் சந்திக்கிறார். பன்னிரண்டு பேர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அன்று அங்கே நின்றவர்கள் பதினொரு பேர். காட்டிக்கொடுத்தவன் இறந்துபோயிருந்தான். நின்றவர்களிலும் சிலருக்குச் சந்தேகம் தீரவில்லை என்பதை மத்தேயு மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தச் சந்தேகக்காரர்களையும் சேர்த்துத்தான் இயேசு வேலையை ஒப்படைக்கிறார். புறப்பட்டுப் போக வேண்டும், எல்லா மக்களையும் சீடராக்க வேண்டும், திருமுழுக்குக் கொடுக்க வேண்டும், தாம் சொன்னவற்றையெல்லாம் கடைப்பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் கட்டளை.

சண்டை சச்சரவெல்லாம் முதல் மூன்றைப் பற்றியே நடக்கிறது. நான்காவதைப் பற்றி வெளியிலிருந்து யாரும் கேட்பதில்லை, உள்ளே இருக்கிற நாங்களும் அதிகம் பேசுவதில்லை. அவர் சொன்னவை என்னென்ன? பசித்தவனுக்குச் சோறு போடு, உடுத்த இல்லாதவனுக்குத் துணி கொடு, நோயாளியையும் சிறையில் கிடப்பவனையும் போய்ப் பார், பகைவனை மன்னி, பெரியவனாக வேண்டுமானால் எல்லாருக்கும் வேலைக்காரனாக இரு. இவற்றைக் கடைப்பிடிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் சீடராக்குவது என்றால், கற்றுக்கொடுக்கிறவன் ஏற்கெனவே இவற்றைச் செய்துகொண்டிருக்க வேண்டும். வாயால் மட்டும் கற்றுக்கொடுக்க முடியாத பாடம் இது.

ஆத்தங்குடியில் தரைக்கல் போடுகிற பட்டறைக்குப் போயிருப்பீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அறை அறையாக வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கலவை போட்டு அமுக்கி, பிறகு தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். குழம்பு எந்தப் பதத்தில் இருந்தால் ஒரு வண்ணம் இன்னொன்றுக்குள் ஓடாது என்பதை எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ள முடியாது. கல் போடத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பார்த்து, கெடுத்துக் கெடுத்துத்தான் வர வேண்டும். இயேசு மூன்று வருடம் அந்தப் பன்னிரண்டு பேரை இப்படித்தான் கூடவே வைத்திருந்தார். அவரோடு நடந்தார்கள், சாப்பிட்டார்கள், படகில் போனார்கள், தப்புச் செய்து திட்டு வாங்கினார்கள். கடைசி இரவில் அவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர்கள் காலைக் கழுவியபோது, பேதுரு வேண்டவே வேண்டாம் என்று மறுத்தான். குரு சீடன் காலைத் தொடுவதை அந்த ஊரிலும் யாரும் பார்த்ததில்லை.

"சரி, அது அங்கே. நம்ம பக்கம் வந்தவங்க அப்படியா இருந்தாங்க?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. ஓரியூரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

திருவாடானைக்குப் பக்கத்து ஓரியூர் இன்று ராமநாதபுரம் மாவட்டம். கத்தோலிக்கக் கணக்கில் அது சிவகங்கை மறைமாவட்டம். 1987-இல் மதுரையிலிருந்து பிரிந்த இந்த மறைமாவட்டத்தில் இரண்டு மாவட்டங்களும் அடங்கும். ஓரியூரில் கொல்லப்பட்டவர் ஜான் தெ பிரிட்டோ, நம் ஊர்ப் பெயரில் அருளானந்தர். லிஸ்பனில் 1647-இல் உயர்குடியில் பிறந்தவர். 1670-களில் மதுரை மிஷனுக்கு வந்து பண்டாரசுவாமிகளின் காவி உடையை ஏற்றார், மரக்கறி உணவுக்கு மாறினார், மறவர் சீமையில் ஊர் ஊராக நடந்தார். 1686-இல் பிடிபட்டுக் கடுமையாக அடி வாங்கினார். அந்தச் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதி விடுதலை செய்தார். மேலிடம் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. போர்ச்சுக்கல் மன்னர் அங்கேயே இருந்துவிடச் சொல்லியும் கேட்காமல் 1690-இல் திரும்பி வந்தார்.

அவர் கதையில் எல்லாரும் சாவைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்திய ஒரு சம்பவம். மறவர் குடித் தலைவர் தடியத்தேவர் நோயில் படுத்தார். தெ பிரிட்டோவுக்கு ஆள் விட்டார். அவரால் உடனே வர முடியவில்லை, வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் ஒருவரை அனுப்பினார். பெயர் நமக்கு வந்து சேராத அந்த உள்ளூர் மனிதர் நோயாளியின் பக்கத்தில் அமர்ந்து நற்செய்தியை வாசித்து ஜெபித்தார். தேவர் பிழைத்தார், திருமுழுக்குக் கேட்டார். ஆட்சியுரிமை உள்ள ஒருவர் தானாக வந்து கேட்கிறார். ஆள் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் அன்றைக்கே தண்ணீரை ஊற்றி முடித்திருக்கலாம். தெ பிரிட்டோ அப்படிச் செய்யவில்லை. பல மனைவியரோடு வாழ்கிறவர் முதல் மனைவியோடு மட்டும் வாழ்வதாக இருந்தால் பார்க்கலாம் என்றார். தேவர் சம்மதித்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவுக்காரப் பெண். அவள் முறையிட்டாள். தெ பிரிட்டோ கைதானார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. 1947-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அந்தப் பெண்ணை வில்லியாகக் காட்டும் நாடகங்களை ஊர்த் திருவிழாக்களில் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நாள் திடீரென்று நீ என் மனைவி இல்லை என்று சொல்லப்பட்டவள் அவள். அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஒருவன் சீடனாகும்போது அதன் செலவை வேறொருத்தி சுமந்தால் அதையும் திருச்சபை கணக்கில் எழுத வேண்டும். அந்தக் கணக்கை முந்நூறு வருடமாக நாங்கள் சரியாக எழுதவில்லை.

அந்த உபதேசியாரிடமே திரும்பி வருகிறேன். வெள்ளைக்காரப் பாதிரியார் வருடத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ ஊருக்கு வந்து போவார். மீதி நாளெல்லாம் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தது, சாவுக்கு நின்றது, புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்தது, தாலுகா ஆபீசுக்கு மனு எழுதிக் கொடுத்தது எல்லாம் உபதேசியார்தான். சீர்திருத்த சபைகளிலும் இதே கதை. அங்கே வேதாகமப் பெண்கள் என்று ஒரு கூட்டம் வீடு வீடாகப் போய் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பெண்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தது. இந்த மண்ணில் நூறு ஆண்டுக்கு மேல் சீடராக்கியவர்கள் இந்தப் பெயர் தெரியாத தமிழர்கள்தான். இவர்களுக்குச் சிலை கிடையாது.

இனி மானாமதுரை. காரைக்குடியிலிருந்து சிவகங்கை வழியாகப் போனால் ஒன்றரை, இரண்டு மணி நேரம். கடம் செய்கிற ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன், முப்பது வருடம் கழித்து மானாமதுரையில் ஒரு நிலையம் போட்டது. கேப்ரன் என்ற பாதிரியாரும் அவர் மனைவி சாராவும் அங்கே குடியேறினார்கள். சாரா பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார், வந்த நோயாளிகளுக்கு மருந்தும் கொடுத்தார். 1876-இல், தாதுவருடப் பஞ்சம் தலையெடுத்த நேரத்தில், கணவர் இறந்தார். சாரா ஊருக்குத் திரும்பிவிடவில்லை. மதுரைக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார். மதுரை கேப்ரன் ஹால் பள்ளியில் படித்த பெண்களுக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரிந்திருக்கும்.

அதே மானாமதுரையில் 1913-இல் தயாபுரம் தொழுநோய் மருத்துவமனை தொடங்கியது. நான் அண்ணனிடம் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான்.

தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்குகிறது. அதனால் வலி தெரியாமல் போகிறது. வலி போனால் நல்லதுதானே என்று தோன்றும். காலில் முள் குத்தினால் நாம் அடுத்த அடி வைப்பதற்குள் காலைத் தூக்கிவிடுவோம். உணர்ச்சி போனவர் அந்த முள்ளோடு பத்து மைல் நடப்பார். கொதிக்கிற பாத்திரத்தைப் பிடிப்பார், கை வெந்தது தெரியாது. வியர்வைச் சுரப்பியும் வேலை செய்யாமல் போவதால் தோல் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும், வெடிப்பில் புண் வரும், புண் எலும்புவரை போகும். நோய் விரலைத் தின்றுவிடுகிறது என்று ஊர் நினைத்தது. விரல் போனது தெரியாமல் பட்ட காயங்களால்தான் என்பதை வேலூரில் உழைத்த பால் பிராண்ட் போன்ற மருத்துவர்கள் எடுத்துக் காட்டினார்கள். பிராண்ட் கொல்லிமலையில் உழைத்த மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர்.

பழைய காலத்தில் மருந்து என்று இருந்தது நீரடிமுத்து எண்ணெய். ஊசியில் ஏற்றுவார்கள், வலி உயிர் போகும், பலன் கொஞ்சம்தான். 1940-களில் டாப்சோன் வந்தது, 1982 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை. இப்போது ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும், அரசு இலவசமாகவே தருகிறது. மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே மற்றவருக்குத் தொற்றும் தன்மை போய்விடுகிறது. அப்படி இருந்தும், தொழுநோய் வந்தால் விவாகரத்துக் கேட்கலாம் என்ற சட்டம் நம் நாட்டில் 2019 வரை இருந்தது.

கிருமி செத்தாலும் போன நரம்பு திரும்பாது. அதனால் குணமானவரும் ஆயுள் முழுக்கக் காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தொழுநோய் மருத்துவமனைகளில் கற்றுக்கொடுக்கிற பாடம் இது: ஒரு பேசினில் சாதாரணத் தண்ணீர் எடுத்து, அரை மணி நேரம் காலை ஊற வை. தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்த்து எடு. ஈரம் காயும் முன் எண்ணெய் தடவு, ஊறிய தண்ணீர் உள்ளேயே தங்கும். விரல் இடுக்கு, குதிகால், பாதத்தின் அடி எல்லாவற்றையும் கண்ணால் பார். உணர்ச்சி செய்ய வேண்டிய வேலையைக் கண் செய்ய வேண்டும். பிறகு மெத்தென்ற மைக்ரோ செல்லுலர் ரப்பர் வைத்த செருப்பைப் போட்டுக்கொள். கண் தெரியாத கிழவர் என்றால் அடிப்பாதத்தை இன்னொருவர் தூக்கிப் பார்க்க வேண்டும்.

இதை ஒரு நாள் செய்வதில் பெருமை இல்லை. நாளைக்கும் செய்ய வேண்டும், அடுத்த வருடமும் செய்ய வேண்டும், படம் எடுக்க யாரும் வர மாட்டார்கள். பெரிய வியாழன் அன்று எங்கள் கோயில்களில் குருவானவர் பன்னிரண்டு பேர் காலைக் கழுவுவார். அந்தக் கால்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருகிற கால்கள். அந்தச் சடங்கை நான் குறை சொல்லவில்லை, எனக்கு அது கண்ணீர் வரவைக்கிற நாள். ஆனால் அன்று கோயிலில் படிக்கிற பாடத்தின் மீதி வருடம் முழுக்கத் தொழுநோய் வார்டில் நடக்கிறது. இதைப் பார்த்து வளர்கிற ஒரு பிள்ளை, சொல்லிக்கொடுக்காமலே சீடனாகும். புண்ணோடு வந்தவரே குணமாகிப் பிறகு புதிதாக வந்தவருக்குக் காலை ஊற வைக்கச் சொல்லிக்கொடுத்தால், மலை மேல் சொன்ன கட்டளைக்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

"ஆனா பஞ்சத்துல கஞ்சிக்காகத்தானே சேர்ந்தாங்க?" என்றார் அண்ணன்.

சிலர் அப்படித்தான் சேர்ந்தார்கள். மறுக்க மாட்டேன். பஞ்ச காலத்தில் எங்கே அடுப்பு எரிந்ததோ அங்கே ஜனம் போனது. ஆனால் கஞ்சிக்காக வந்தவர்கள் என்று ஏளனமாகச் சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்பேன். ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாத, தெருவில் செருப்புப் போட முடியாத ஒருவனை, உட்கார் என்று ஒரு இடம் முதல் முறையாகச் சொன்னால், அவன் அங்கே போனது வயிற்றுக்காக மட்டுமா? இன்றைய நிலைமையோ தலைகீழ். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதியில் பிறந்த ஒருவர் கிறிஸ்தவரானால் அந்தப் பட்டியலுக்குரிய சலுகைகளை இழக்கிறார். சீக்கியருக்கும் பௌத்தருக்கும் பிற்பாடு சேர்க்கப்பட்ட உரிமை கிறிஸ்தவருக்கு இதுவரை இல்லை. லாபத்துக்காக மாறுகிறார்கள் என்று சொல்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு தன் சமயத்தைப் பரப்பும் உரிமையை எல்லாருக்கும் தருகிறது. அது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் அந்தத் தீர்ப்போடு சண்டை போடப் போவதில்லை. மனம் மாறுவது மாறுகிறவருக்கும் கடவுளுக்கும் நடுவில் நடக்கிற காரியம். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு வருகிறாயா என்று கேட்கிறவன் நோயாளிக்கும் துரோகம் செய்கிறான், இயேசுவுக்கும் துரோகம் செய்கிறான். அவர் பத்துத் தொழுநோயாளிகளைக் குணப்படுத்தினார். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன். வராத ஒன்பது பேருடைய நோயை அவர் திருப்பி வரவைக்கவில்லை.

எங்கள் வீட்டுக் குப்பையையும் அண்ணனிடம் மறைக்கவில்லை. சாதியை விட்டுவிட்டு வா என்று அழைத்த திருச்சபைக்குள்ளேயே சாதி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. பண்டாரசுவாமி, சந்நியாசி என்று சாதிக்கு ஒரு குருவாகப் பிரித்துப் போன பழைய மதுரை மிஷனின் வழி, ஆளைக் கூட்டியது, சுவரை இடிக்கவில்லை. 1840-களின் பிற்பகுதியில் அமெரிக்க மிஷன் சாதி பார்க்கிறவருக்குச் சபையில் இடமில்லை என்று கண்டிப்புக் காட்டியபோது, சேர்ந்து சாப்பிட மாட்டோம் என்று உபதேசியார்களே விலகிப் போனார்கள். தமிழ்நாட்டில் இன்றும் தனிக் கல்லறை, தனித் தேர் என்று இருக்கிற ஊர்கள் உண்டு. செத்த பிறகும் சேர்ந்து படுக்க மறுக்கிறவர்கள் எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள்? இந்தக் கேள்வியை வெளியார் கேட்டால் எங்களுக்குக் கோபம் வரக்கூடாது.

இந்தச் சீமையில் திருச்சபை கொடுத்தது மட்டுமில்லை, வாங்கியும் இருக்கிறது. சருகணி தேவாலயத்துக்குக் கொடை கொடுத்தவர்கள் மருது சகோதரர்கள். அதே சருகணியில்தான் பிரான்சில் பிறந்த லெவே அடிகளார் முதுமையில் வாழ்ந்து 1973-இல் மறைந்தார். 1908-இல் இந்தியா வந்தவர், இந்த வறண்ட பூமியின் ஏழைகளுக்கே தன் ஆயுளைக் கொடுத்தவர். அவர் கல்லறைக்கு விளக்கேற்ற வருகிறவர்களிடம் யாரும் மதம் கேட்பதில்லை. காரைக்குடிக்குப் பக்கத்துத் திருப்பத்தூரில் சுவீடன் லூத்தரன் மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகள் செட்டிநாட்டில் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்! "எங்க பெரிய அக்கா அங்கதான் பிறந்தா" என்றார் அண்ணன்.

பிறகு அவரே பேச்சை மாற்றினார். அவர் தெருவில் நான்கு கட்டு வீடுகளில் ஒன்றுவிட்டு ஒன்றில் ஒரு ஆச்சி தனியாக இருக்கிறாராம். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும். பணத்துக்குக் குறைவில்லை. மாத்திரையைப் பிரித்துக் கொடுக்க, பேங்குக்குக் கூட்டிப்போக, குளியலறையில் வழுக்கி விழுந்தால் கதவைத் தட்ட ஆள் இல்லை. "உங்க பிள்ளைங்க இதைச் செய்வாங்களா?" என்று கேட்டார். இன்றைய செட்டிநாட்டில் காலைக் கழுவுவது என்றால் இதுதான் என்று எனக்குப் பட்டது.

எங்கள் வாலிபர் கூட்டத்தில் இதைப் பேசியிருக்கிறேன். தெருவாரியாகப் பிரித்துக்கொள்வது, வாரத்தில் ஒரே கிழமையில் ஒரே ஆள் போவது, இருவர் இருவராகப் போவது, வெளிநாட்டுப் பிள்ளைகளின் போன் நம்பரை வாங்கி அவர்கள் சம்மதத்தோடு செய்வது என்று பேச்சு. ஒருவன் எழுந்து, போகும்போது ஒரு துண்டுப் பிரசுரமும் வைத்துவிட்டு வரலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஏன் வருகிறாய் என்று ஆச்சி கேட்டால் இயேசுவைப் பற்றி மறைக்காமல் சொல், கேட்காவிட்டால் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டு வா என்றேன். முதல் பட்டியலில் அண்ணன் தெருவைப் போட்டிருக்கிறோம். அங்கே எந்த வீட்டில் எந்த நேரம் கதவைத் தட்டலாம் என்று அவர்தான் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.